கழித்தல் ஆறு அடி அகலத்தில் ஒரு வீடு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், செல்லங்களே. வாசலில் நிற்பவர்களும் உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு மனிதரின் கதை சொல்லப் போகிறேன். மகளுக்கு வீடு கட்டப் புறப்பட்டு, அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே ஒரு ரோட்டுக்குத் தகப்பனாகிவிட்டவர் அவர். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அவருக்கு அந்த நேரம் சிரிப்பு வரவில்லை. அவருடைய பங்கையும் சேர்த்து நீங்கள்தான் சிரிக்க வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்தின் உள்வளைவில் நங்கூரத்தடி என்று ஓர் ஊர். சின்ன ஊர்தான்; ஆனால் அதற்கென்று ஒரு பட்டினசபை இருந்தபடியால் தன்னைப் பெரிய ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தது. அங்கே அபூதாஹிர் என்றொருவர், மூதூருக்கு ஓடும் லோஞ்சில் சுக்கான் பிடித்து வந்தார். முப்பது வருடம் கடலில் ஓடியும் ஒரு தரமாவது பாறையில் மோதியதில்லை. அவர் மோதியதெல்லாம் தரையில்தான்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கலியாணம் முடிந்து பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்ணுக்கு ஒரு வீடு இருக்க வேண்டும். அபூதாஹிரின் மகள் ஸல்ஹாவுக்குக் கிண்ணியாவில் பாயிஸ் என்ற பையனைப் பேசியிருந்தார்கள். ஸல்ஹாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை, அவன் பெயர் எடுபடும்போதெல்லாம் கறிக்கு இரண்டாம் தரம் உப்புப் போட்டாள். வீட்டார் விளங்கிக்கொண்டு தண்ணீர் குடித்தார்கள்.

பாயிஸின் உம்மா நஜ்முன் நிஸா கதையைச் சுருக்கமாக முடித்தார்.

"வீட்டுக்குக் கூரை ஏறட்டும். மௌலூது மாதம் அஞ்சாம் பிறை நிக்காஹ். அதுக்குள்ள வீடு இல்லாட்டி நீங்க என்னைக் குறை சொல்லக் கூடா. மூதூரில ஓட்டு வீட்டோட ஒரு பிள்ளை இருக்கு."

கையில் பத்து மாதம் இருந்தது. அபூதாஹிரின் மனைவி உம்மு குல்சுமின் காணியில், அவர்கள் இருந்த வீட்டுக்குப் பின்னால் நாற்பதடி நீளமும் முப்பதடி அகலமுமான வளவு இருந்தது. இரண்டு அறையும் குசினியும் கட்டத் தாராளமாகப் போதும். மேசன் தம்புவிடம் சொல்லியாயிற்று. மணல் வந்து இறங்கியாயிற்று. சபையில் ஒரு கையெழுத்து மட்டும் வாங்க வேண்டியிருந்தது.

அது சந்திரனில் மனிதன் கால் வைத்த வருடம். பூமியிலிருந்து சந்திரனுக்கு எத்தனை மைல் என்று அளந்துவிட்டார்கள். அபூதாஹிரின் வேலியிலிருந்து கட்டப்போகும் சுவருக்கு எத்தனை அடி என்பதுதான் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது.

சபையில் அப்போது ஒரு புதிய விதி வந்திருந்தது. கட்டடம் கட்டுபவர் காணி எல்லைக்கும் சுவருக்கும் நடுவில் ஐந்தடி நிலத்தை வெறுமையாக விட வேண்டும். அந்த வெறும் நிலத்துக்கு விடுவெளி என்று பெயர். ரோட்டுப் பக்கமாக இருந்தால் விடுவெளி பதினைந்தடி. அபூதாஹிர் கணக்குப் பார்த்தார். முப்பதடியில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து போனால் இருபது. போதும். சந்தோசமாக விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தார்.

பத்தாம் நாள் அளக்க வந்தவர் சபையின் ஓவசியர் சோமசேகரம். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் ஐந்து பேனை. கையில் தோலுறை போட்ட அளவு நாடா. வளவின் நடுவில் நின்று நாலு திசையும் பார்த்தார்.

"நானா," என்று அண்ணன் முறை சொல்லி அபூதாஹிரை அழைத்தார். "உங்கட எல்லை எங்க?"

"இதுதான் ஐயா, வேலி."

"வேலியை நான் கேக்கேல்ல. எல்லையைக் கேட்டனான்."

அபூதாஹிர் உள்ளே ஓடிப் போய்க் காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். ஓவசியர் அதைத் தொடவில்லை.

"இது காகிதத்தில இருக்கிற எல்லை. காகிதத்தில ஆரும் எல்லை வைச்சிருக்கலாம். கண்ணுக்குத் தெரியிற எல்லையைத்தான் நான் அளப்பன். அது சபையின்ர கொள்கை."

"அப்ப வேலிதானே ஐயா கண்ணுக்குத் தெரியுது."

"அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டு நிக்கிறன்," என்றார் ஓவசியர்.

அந்த வேலி பூவரசங் கதியால்களும் கிளுவைக் கதியால்களும் நட்டு வளர்ந்த உயிர்வேலி. நட்ட தடியெல்லாம் துளிர்த்து இலையும் கொப்புமாக நின்றது. கோடு என்றால் அதற்குத் தடிப்பு இருக்கக் கூடாது, இந்த வேலிக்கோ மூன்றடித் தடிப்பு இருக்கிறது என்று ஓவசியர் கவலைப்பட்டார். கடைசியில், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி இலையிலிருந்து அளப்பதே நியாயம் என்று முடிவு செய்தார். நாடாவின் நுனியை இலையில் வைத்தார். அது கச்சான் காற்றுக் காலம். காற்று வீசியது, எல்லை ஏழு அங்குலம் உள்ளே வந்தது. காற்று நின்றது, எல்லை திரும்பிப் போனது. ஓவசியர் மூன்று தரம் துரத்திப் பார்த்துவிட்டு, கொப்பியில் 'எல்லை: அசையும் தன்மையது' என்று எழுதிக்கொண்டார்.

இதோடு போயிருந்தால் இந்தக் கதை இல்லை. அந்த நேரம் பார்த்து வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு கை வந்தது. கைக்குப் பின்னால் கணவாய்க் கறிக் கிண்ணமும், அதற்குப் பின்னால் வடக்கு வீட்டு இரத்தினேஸ்வரியும் வந்தார்கள்.

பொட்டு என்பது இரண்டு வளவுக்கு நடுவில் உள்ள வேலியில், ஓர் ஆள் குனிந்து போகுமளவுக்கு விடும் சின்ன வாசல். நங்கூரத்தடியில் பதினொரு வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. முஸ்லிம் வீடும் தமிழ் வீடும் கலந்துதான். எல்லா வேலியிலும் பொட்டு இருந்தது. பெண்கள் தெருவில் கால் வைக்காமலே ஒரு கரையிலிருந்து மறுகரை வரை போய், கறி கொடுத்து, சீனி வாங்கி, சண்டை பிடித்து, சமாதானமாகித் திரும்பி வந்துவிடுவார்கள்.

ஓவசியரின் கண்கள் அகலமாயின.

"இது என்ன?"

"கணவாய்," என்றாள் இரத்தினேஸ்வரி. "சாப்பிடுறீங்களோ?"

"இந்த ஓட்டையைக் கேக்கிறன். நானா, இதால ஆர் போய் வாறது?"

இந்த இடத்தில்தான் அபூதாஹிர் பிழை விட்டார். வேறு ஊர்க்காரராக இருந்தால், 'ஒருவரும் வருவதில்லை' என்று சொல்லித் தப்பியிருப்பார். நங்கூரத்தடியில் அப்படிச் சொன்னால் அந்த வீட்டோடு அயலார் கதைப்பதில்லை என்று பொருள். அதைவிடக் கேவலம் அங்கே வேறு இல்லை. அபூதாஹிர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஊர் முழுக்க வரும் ஐயா! என்ட மாமிட உம்மா காலத்தில இருந்து ஒரு ஆளை நாங்க மறிச்சதில்ல. ராவோ பகலோ, ஆர் எண்டும் கேக்கிறதில்ல."

"பொதுமக்கள்," என்று ஓவசியர் மெல்லச் சொல்லிக்கொண்டார். "தலைமுறை தலைமுறையாக. தடையில்லாமல்."

முதலாவது பேனையை உள்ளே வைத்துவிட்டு மூன்றாவது பேனையை எடுத்தார். அது சிவப்பு மை.

மறுநாள் காலை ஆறு மணிக்கே வந்து கதிரை போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் வரை பொட்டால் போனவை வந்தவற்றை எண்ணினார். பெண்கள் நாற்பத்து மூன்று. பிள்ளைகள் பதினெட்டு. ஆடு இரண்டு. ஒரு சேவலும் போனது. அதை 'இதர வாகனங்கள்' என்ற தலைப்பின் கீழ் பதிந்தார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. உம்மு குல்சுமின் காணிக்குள்ளால் ஒரு பொதுவீதி போவதைச் சபை கண்டுபிடித்திருப்பதாகவும், சபையின் விதிப்படி வீதியின் அகலம் பன்னிரண்டு அடி என்றும், அதிலிருந்து பதினைந்தடி விடுவெளி விட வேண்டும் என்றும், பின் வேலியிலிருந்து விட வேண்டிய ஐந்தடி அப்படியே இருக்கும் என்றும் எழுதியிருந்தது. நாற்பதடி நீள வளவின் நடுவால் ரோடு குறுக்கே போனது. அதற்குப் பின்னால் மிச்சம் பதினாலடி. அதில் விட வேண்டியது இருபதடி. ஆகவே கடிதத்தின் கடைசி வரி இப்படி முடிந்தது:

'கழித்தல் ஆறு அடி அகலத்தில் வீடு கட்டுவதற்கு இத்தால் அனுமதி வழங்கப்படுகிறது.'

அபூதாஹிர் அதை மேசன் தம்புவிடம் காட்டினார். தம்பு இரண்டு தரம் வாசித்துத் தலையைச் சொறிந்தான்.

"அனுமதி கிடைச்சிட்டுது நானா, அது நல்லம். ஆனா ஒரு சந்தேகம். கழித்தல் ஆறு அடிக்கு அத்திவாரத்தை வெட்டுறதா, நிரப்புறதா?"

அபூதாஹிர் லோஞ்சுக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டுச் சபைத் தலைவரைப் பார்க்கப் போனார். தலைவர் ஜவாஹிர் ஹாஜியார் தங்கமான மனிதர். ஒருவரையும் கடிந்து பேச மாட்டார். பேசத் தொடங்கினால் மற்றவர் பேச வேண்டிய தேவையும் இருக்காது.

"இரிங்க அபூதாஹிர். வீடு எண்டா என்ன? நாலு சுவர். அதை ஆரும் கட்டலாம். குருவியும் கட்டுது. ஆனா ஒரு வெறும் இடத்தை வெறுமையா வைச்சிருக்க ஆரால ஏலும்? சபையால மட்டும்தான் ஏலும். நான் தலைவராகி ஆறு வருசம். இந்த ஊரில ஒரு கட்டடம் இடிஞ்சு விழுந்ததா? ஒரு சுவர் வெடிச்சதா? இல்ல. ஏன் எண்டு சொல்லுங்க பாப்பம்?"

"ஏன் ஹாஜியார்?"

"ஒண்டையும் கட்ட விடல்லையே! கொழும்பில இருந்து வந்தவங்க எங்கட பைலைப் பார்த்துட்டு ஆச்சரியப்பட்டுப் போனாங்க. முறைப்பாடே இல்லாத கட்டடப் பகுதி இலங்கையில எங்கட மட்டும்தானாம்."

"மகள்ட நிக்காஹ் ஹாஜியார். வீடு இல்லாட்டி மாப்பிள்ளை வீட்டார் வேற இடம் பாத்திடுவாங்க."

தலைவரின் கண் கலங்கியது. அவர் மெய்யாகவே இளகிய மனதுக்காரர்.

"என்ட மகள் மாதிரி அந்தப் பிள்ளை. அவக்குப் போற வழியில ஒரு ரோட்டே குடுத்திருக்கிறமே! எந்தப் பொண்ணுக்கு ஊரில ரோட்டுச் சீதனம் கிடைச்சது?"

அபூதாஹிர் வீட்டுக்கு வந்து ஒரு முடிவெடுத்தார். பொட்டு இருந்தபடியால்தானே ரோடு. பொட்டை அடைத்துவிட்டால் போகிறது. தென்னோலையில் பின்னிய ஒரு கிடுகை எடுத்து வைத்துக் கட்டினார். உம்மு குல்சும் இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"இரத்தினம் வந்து பாத்தா என்ன நினைப்பா? நோன்பு வருது. கஞ்சியை நான் கூரைக்கு மேலாலயா எறியிற?"

உம்மு குல்சும் வாதாட வேண்டிய தேவை வரவில்லை. பின்னேரமே ஓவசியர் வந்து ஒரு நோட்டீசை அதே கிடுகில் குத்திவிட்டுப் போனார். பொதுவீதியைத் தடுத்தது குற்றம். இருபத்துநாலு மணித்தியாலத்தில் அகற்றாவிட்டால் வழக்கு. அபூதாஹிர் கிடுகை அவிழ்த்தார். மறுபக்கத்தில் இரத்தினேஸ்வரி கிண்ணத்தோடு காத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அண்ணை, ரோட்டு வேலையோ?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து உள்ளே வந்தாள்.

இனி, ஒரு ரோடு என்றால் அது எங்கேயோ தொடங்கி எங்கேயோ முடிய வேண்டும் அல்லவா? அதைக் கண்டுபிடிக்க ஓவசியர் நாடாவோடு பொட்டுப் பொட்டாகப் புகுந்து போனார். பெண்கள் நடப்பதுபோலத்தான் வீதியும் போக வேண்டும் என்பதால், அது இரத்தினேஸ்வரியின் அம்மிக்கல்லைச் சுற்றிப் போனது. உம்மு குல்சுமின் தங்கை அசனாவின் குசினிக்குள் ஒரு வாசலால் புகுந்து, உலை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மறு வாசலால் வெளியேறியது. ஒவ்வொரு வீட்டிலும் ஓவசியரைச் சும்மா அனுப்பவில்லை. ஓரிடத்தில் தேத்தண்ணீர், இன்னோரிடத்தில் வட்டிலப்பம், மற்ற வீட்டில் பாலப்பம். பதினொரு வளவை அளக்க மூன்று மாதம் பிடித்தது. மெலிந்து வந்த மனிதருக்குக் கடைசிப் பொட்டு மிகவும் ஒடுக்கமாக இருந்தது. இரண்டு பேர் இந்தப் பக்கம் தள்ள, ஒருவர் அந்தப் பக்கம் இழுத்தார்கள். அதன் பலனாகச் சபையில் ஒரு புதிய தீர்மானம் நிறைவேறியது: இந்த வீதியில் ஒரே நேரத்தில் இருவர் எதிரெதிராகப் போக இடம் போதாது, ஆகவே காலையில் தெற்கு நோக்கி மட்டும், பிற்பகல் மூன்று மணிக்குப் பின் வடக்கு நோக்கி மட்டும் போக வேண்டும்.

உம்மு குல்சுமின் உடுப்புக் கொடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள். 'முதலாம் குறுக்கு வீதி. ஒருவழிப் பாதை.' அதன் நிழலில் கதிரை போட்டு ஓவசியர் காவல் இருந்தார்.

முதல் நாள் காலை எட்டு மணிக்கு இரத்தினேஸ்வரி கொஞ்சம் கொத்தமல்லி வாங்கத் தெற்கே வந்தாள். திரும்பக் குனிந்தபோது ஓவசியர் எழுந்து கையை நீட்டினார்.

"மூன்று மணிக்குப் பிறகு போங்கோ."

"தம்பி, அடுப்பில சோறு கிடக்கு."

"சட்டத்துக்கு அடுப்புத் தெரியாது அக்கா."

"தெருவால சுத்திப் போகலாமே," என்றார் அபூதாஹிர்.

"இந்தச் சீலையோடயோ?" என்று இரத்தினேஸ்வரி அவரைப் பார்த்த பார்வையில் அவர் துறைமுகத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

உம்மு குல்சும் பாயை விரித்தார். இரத்தினேஸ்வரி இருந்தாள். சிறிது நேரத்தில் வடக்கிலிருந்து இன்னும் நாலு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களும் திரும்ப முடியாது, அவர்களும் இருந்தார்கள். மத்தியானம் இரத்தினேஸ்வரியின் கணவர் இராசதுரை சாப்பாட்டுக்கு வந்தார். வேலிக்கு அப்பால் அவருடைய குரல் கேட்டது.

"எடியே, பசிக்குதடி! எங்க போனனீ?"

"தெற்கில நிக்கிறன். மூன்று மணிக்குத்தான் வடக்கு திறக்கும்!"

"அப்ப சோத்தை வேலிக்கு மேலாலயாவது தாவன்!"

ஓவசியர் தொண்டையைச் செருமினார். "மேம்பாலத்துக்கு வேற விண்ணப்பம் போட வேணும்."

பெண்களுக்கு அந்த நாட்கள் ஒரு கொண்டாட்டமாகத்தான் இருந்தன. ஆனால் ஸல்ஹா சிரிக்கவில்லை. கறிக்கு உப்புப் போடவே மறந்து போனாள். அந்த நிலைமையில்தான் நஜ்முன் நிஸா கிண்ணியாவிலிருந்து வந்து இறங்கினார். வளவுக்குள் வந்து, பலகையை வாசித்து, மணற் குவியலைப் பார்த்தார். மணலில் மழைக்கு முளைத்த புல்லை ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"வீடு எங்க?"

"ரோடு வந்திட்டுது," என்றார் அபூதாஹிர், கீழே பார்த்தபடி.

"என்ட மகன் ரோட்டிலயா படுக்கிற? நான் சொன்ன தவணை சொன்னதுதான். இன்னும் நாலு மாசம்." பிறகு ஸல்ஹாவைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "பிள்ளை நல்ல பிள்ளை. அதுதான் நாலு மாசம் தாறன். இல்லாட்டி இண்டைக்கே போயிடுவன்." போகத் திரும்பியபோது மணி பதினொன்று. வடக்குப் பக்கம் யாரையோ பார்க்க வேண்டியிருந்தது, ஓவசியர் விடவில்லை. அவரும் பாயில் இருந்தார்.

அன்றைக்குப் பாயில் ஏழு பேர். கதையெல்லாம் ஸல்ஹாவின் வீட்டைப் பற்றித்தான்.

"பொட்டை அடைச்சா வழக்கு. திறந்தா ரோடு," என்றாள் இரத்தினேஸ்வரி. "அண்ணையும் பாவம், என்ன செய்வார்?"

உம்மு குல்சும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவிய விரல் நின்றது.

"பொட்டு எதிலடி இருக்கு?"

"வேலியில."

"வேலி இல்லாட்டி?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அசனா முதலில் சிரித்தாள். "ராத்தா, வேலி இல்லாட்டி எல்லையும் இல்லையே. அந்த மனுசன் கண்ணுக்குத் தெரியிறதைத்தானே அளப்பார்!"

"மெல்லக் கதையுங்க, ரோட்டில நிக்கிறார்," என்றார் நஜ்முன் நிஸா. அவர் எந்தப் பக்கத்து ஆள் என்பது அந்தச் சொல்லோடு தெரிந்துபோயிற்று.

மாரி ஓய்ந்ததும் வேலி பிரித்துக் கட்டுவது அந்த ஊரில் வருடா வருடம் நடக்கும் வேலை. உக்கின கதியாலைப் பிடுங்கிப் புதிதாக நடுவார்கள். அதற்கு எந்தச் சபையின் அனுமதியும் தேவையில்லை. அந்த வருடமும் ஒரு சனிக்கிழமை காலை பதினொரு வீட்டாரும் இறங்கினார்கள். தெருப் பக்கத்து வேலியும் பின்வேலியும் வரிசையின் இரண்டு கரை வேலிகளும் அப்படியே நின்றன. பெண்களுக்கு மறைப்பு வேண்டுமே. இடையில் நின்ற பத்து வேலிகளையும் பிடுங்கினார்கள். பிடுங்கினதை அடுக்கினார்கள். பிறகு சாப்பிடப் போய்விட்டார்கள். நடுவதற்கு ஒருவரும் வரவில்லை.

திங்கட்கிழமை ஓவசியர் வந்தார். நாடாவை இழுத்தார். நாடாவின் நுனியை வைப்பதற்கு இரண்டு பக்கமும் ஓர் இலையும் இல்லை.

"எல்லை எங்க?" என்று கேட்டார்.

"அதை நீங்கதான் சொல்லோணும் ஐயா," என்றார் உம்மு குல்சும், முக்காட்டைச் சரி செய்துகொண்டே. "எங்களுக்கு அந்தக் காகித எல்லை மட்டும்தான் தெரியும். அதைப் பாக்கக் கூடாதெண்டு சபையின்ர கொள்கை."

"ரோடு? ரோடு எங்க?"

"இப்ப எல்லா இடத்தாலயும் நடக்கிறம். நீங்க எதை எண்டு அளப்பீங்க?"

ஓவசியர் வடக்கே நடந்தார், தெற்கே நடந்தார். ஒரு கோழி அவரைக் கடந்து குறுக்காக ஓடியது. அது ஒருவழிப் பாதையை மீறியதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. சபைக்குப் போய் அறிக்கை எழுதினார்: 'வீதி: காணப்படவில்லை. பக்க எல்லை: காணப்படவில்லை. எஞ்சியிருப்பது வெறும் நிலம்.'

அந்தக் கடைசிச் சொற்களைத் தலைவர் ஜவாஹிர் ஹாஜியார் வாசித்ததும் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். அன்று பின்னேரமே வந்து பார்த்தார். முந்நூற்று முப்பதடி நீளத்துக்குக் குறுக்கே ஒரு வேலியும் இல்லை, ஒரு மதிலும் இல்லை.

"சோமசேகரம், இது விடுவெளி! ஆறு வருசமா ஐந்தடி ஐந்தடியாக் கெஞ்சிக்கொண்டிருந்தன். சனமே திரண்டு மொத்தமாத் தந்திருக்கு. இதுக்கு ஒரு திறப்பு விழா வைக்கோணும்."

"சேர், அந்த அபூதாஹிர்ர வீட்டு விண்ணப்பம்..."

"எல்லையில இருந்து எவ்வளவு தூரம்?"

"பின்வேலிக்கு ஐந்தடி, அது சரி. வடக்கே நூற்றிருபத்தைந்து. தெற்கே நூற்றெண்பத்தைந்து."

"ஐந்தடி கேட்ட இடத்தில நூற்றெண்பத்தைந்தா! இப்பிடியான மனுசருக்கு இல்லையெண்டா நாங்க எதுக்கு இருக்கிறம்? கையெழுத்தை வைங்க."

படிவத்தில் ஒவ்வொரு தூரத்தையும் எழுத இரண்டு இலக்கத்துக்குத்தான் கட்டம் இருந்தது. நூற்றெண்பத்தைந்தடி விடுபவர் ஒருவர் பிறப்பார் என்று அதை அச்சடித்தவர்கள் நினைக்கவில்லை. ஓவசியர் இரண்டு பக்கத்துக்கும் தொண்ணூற்றொன்பது என்று எழுதினார். அவருடைய வாழ்க்கையிலேயே அறிந்துகொண்டு எழுதிய பிழை அது ஒன்றுதான். பாலப்பத்துக்கும் வட்டிலப்பத்துக்கும் அவர் கைம்மாறு செய்தார் என்று சிலர் சொன்னார்கள்.

தம்பு அத்திவாரத்தை வெட்டினான். நிரப்புவதா என்று யாரையும் கேட்கவில்லை. லோஞ்சுக்காரர்கள் கல் சுமந்தார்கள். வேலை முடிந்து வந்த இராசதுரை சாந்து குழைத்தார். மனைவி எந்த நேரமும் வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்றான பிறகு அவருக்கு உடம்பில் நல்ல தெம்பு. மௌலூது மாதத்துப் பிறை தெரிவதற்கு ஆறு நாள் முன்பு வீட்டுக்குக் கூரை ஏறியது.

திறப்பு விழாவுக்குத் தலைவர் தனக்கு வசதியான நாளைக் குறித்திருந்தார். மௌலூது மாதம் ஐந்தாம் பிறை. அன்றைக்கு நிக்காஹ் என்று அபூதாஹிர் இரண்டு தரம் போய்ச் சொன்னார். தலைவர் இரண்டு தரமும் அவருடைய தோளில் தட்டி, நாட்டுக்காக இப்படி உழைப்பவர்கள் குறைவு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த நாளும் வந்தது. வாழை கட்டியிருந்தது. பந்தல் போட்டிருந்தது. வளவு நிறையச் சனம். சபைக் காரிலிருந்து இறங்கிய ஜவாஹிர் ஹாஜியார் திகைத்து நின்றுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்கள் இருக்கப் போட்டிருந்த ஒரு மரவாங்கின் மேல் ஏறினார்.

"சகோதரர்களே! பாலம் திறக்க நான் போயிருக்கிறன். இருபது பேர் வந்தாங்க. கிணறு திறக்கப் போனன். கிணறு வெட்டினவன் மட்டும் வந்தான். இண்டைக்கு ஒண்டுமே இல்லாத ஒரு இடத்தைத் திறக்க வந்திருக்கிறன். முந்நூறு பேர்! வெறுமையை மதிக்கிற இப்பிடி ஒரு சனத்தை நான் கண்டதில்ல. எனக்குப் பின்னால ஒரு சின்ன வெள்ளைச் சுவர் தெரியுது எண்டு ஓவசியர் சொல்லுறார். இருக்கட்டும். இவ்வளவு அழகான வெளிக்குக் கண்ணூறு படாம ஒரு பொட்டுப் போல அது இருக்கட்டும்!"

அடுக்களைப் பக்கமிருந்து புரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது. சனம் பொறுமையாகக் கைதட்டியது. தலைவர் இரண்டு வாழைக்கு நடுவில் கட்டியிருந்த நாடாவை வெட்டினார். வாசலில் காத்துக்கொண்டிருந்த கிண்ணியா ஆட்கள், தங்கள் மாப்பிள்ளைக்குத்தான் வழி திறந்தது என்று நினைத்து, பைத் பாடிக்கொண்டு பாயிஸை முன்னால் விட்டு உள்ளே நுழைந்தார்கள். தனக்குத்தான் பாடுகிறார்கள் என்று நினைத்துத் தலைவரும் அவர்களுக்கு முன்னால் நடந்தார். இரண்டு பேரும் நேரே புதுவீட்டு வாசலில் போய் நின்றார்கள். நஜ்முன் நிஸா வந்து தலைவரைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, மகனை உள்ளே அனுப்பினார். லெப்பை நிக்காஹை ஓதி முடித்தார். உள்ளறையில் ஸல்ஹா சிரித்த சத்தம் வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டது.

சாப்பாட்டுக்கு ஆறாறு பேராகச் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சகன் வைத்தார்கள். ஒரு சகனைச் சுற்றி அபூதாஹிர், இராசதுரை, தம்பு, பாயிஸின் வாப்பா, தலைவர் ஆகிய ஐந்து பேரும் இருந்தார்கள். ஆறாவதாக வந்த ஓவசியர் பாயின் ஓரத்தில், யாரோடும் முட்டாமல், மூன்றடி தள்ளிச் சப்பணமிட்டார். அங்கிருந்து கையை நீட்டிப் பார்த்தார். இறைச்சித் துண்டுக்கும் அவருடைய விரலுக்கும் நடுவில் ஒரு முழம் வெறுமையாகக் கிடந்தது.

"முன்னுக்கு அரக்குங்க ஐயா," என்றார் அபூதாஹிர்.

"எவ்வளவு முன்னுக்கு?"

"உங்கட முழங்காலும் என்ட முழங்காலும் முட்டுமட்டும்."

ஓவசியர் ஒரு கணம் யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த ஐந்து பேனையையும் எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு, முட்டுமட்டும் அரக்கினார்.

உங்கள் வீட்டுக் கூரை ஒரு மாரிக்கும் ஒழுகாதிருக்கட்டும், செல்லங்களே. உங்கள் பிள்ளைகள் தாங்கள் விரும்பியவர்களோடு சேர்ந்து, கறிக்கு அளவாக உப்புப் போட்டு வாழட்டும். நீங்கள் சபைக்கு எழுதும் கடிதத்துக்கு நீங்கள் இருக்கும்போதே மறுமொழி வரட்டும். வராவிட்டாலும் உங்களைச் சுற்றி நல்ல அயல் இருக்கட்டும். போய் வாருங்கள், வாசற்படியைப் பார்த்து இறங்குங்கள்.